பின்சக்கர நட்டில் இருந்த சிவப்பு

முன்சக்கரத்தில் ஏதாவது கோளாறு என்றால் ஸ்டியரிங் அதை ஓட்டுபவரின் கைக்குச் சொல்லிவிடும். பின்சக்கரம் சொல்லாது. அது தன் இஷ்டத்துக்குத் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அதற்குள் வண்டி சாலைக்குக் குறுக்கே கிடக்கும். இருபத்திரண்டு வருடம் அந்தப் பின்சக்கரங்களோடுதான் என் பிழைப்பு. வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

போன வாரம், நான் வேலை பார்த்த பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் போன் செய்தார்கள். அங்கே நட்டை இறுக்கிய பிறகு அதன் மேல் நெயில் பாலீஷால் ஒரு கோடு போடுவது வழக்கம். மற்ற பட்டறைகளில் எல்லாம் சிவப்பு, நம்முடையதில் மட்டும் ஏன் பச்சை என்று கேட்டார்கள். முதலாளிக்குப் பச்சை ராசி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பச்சைக்குக் காரணம் நான்தான். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பம்பு கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் மோட்டார் பூட்டினேன். அது மூடிய பிறகு சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த இந்தப் பட்டறைக்கு வந்தேன். இங்கே சின்னக் கார்களைக் கட்டுவார்கள். குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. பழைய சின்னக் கார் ஒன்றின் இன்ஜினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிட் கார் என்பார்கள். பழைய காரின் ஆர்.சி.யில் இந்தப் புது வண்டி ஓடுவது எந்தச் சட்டத்தில் சேர்த்தி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நட்டு பார்க்கிறவள்.

இந்த வண்டிகளில் பின்பக்கம்தான் தொல்லை. பழைய காரின் முன்பக்கத்தை அப்படியே கழற்றிப் பின்னால் மாட்டியிருப்பார்கள். முன்னால் இருந்தபோது திரும்பிய சக்கரங்கள், பின்னால் வந்த பிறகு திரும்பக்கூடாது. அதைத் தடுக்க ஒரு கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டுவார்கள். மெதுவாக ஓட்டுகிறவருக்கு அது போதும். வேகம் வேண்டும், வளைவில் ஒட்டிக்கொண்டு போகவேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று முக்கோண வடிவில் இரண்டு கைகள் போட்டுத் தருவோம். அந்தக் கைகள் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அதன் நடுவே போல்ட் போகும்.

அந்த போல்ட்டை இறுக்குவதற்கு ஒரு முறை உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கக்கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். அதனால் நட்டைச் சும்மா மாட்டி, அதற்குள் இருக்கும் நைலான் வளையம் தட்டும் வரை திருகிவிட்டு நிறுத்திவிட வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, இருக்கைகளில் ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, நாலு தடவை அமுக்கிவிட்டு, வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் போடும் டார்க் ரென்ச்சால், அந்தச் சத்தம் வரும்வரை இறுக்க வேண்டும். டிக் கேட்ட மறுநொடி சிவப்புக் கோடு. கோடு இல்லாத நட்டு இறுக்காத நட்டு. இதில் வாய்ப்பேச்சுக்கே இடமில்லை. யாரும் யாரிடமும் இறுக்கியாயிற்றா என்று கேட்கமாட்டோம், சொல்லவும் மாட்டோம்.

இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் எங்கள் ஃபோர்மேன் ரஃபீக். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர், என்னை அக்கா என்பார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் ‘ங்க’ கூடும், அவ்வளவுதான். “ஏனுங்க தங்கவேலுங்க, இதென்னங்க இப்படி வெச்சிருக்கீங்க” என்று வந்தால், பிட்டர் தங்கவேலுக்கு வேர்த்துவிடும். வண்டி வெளியே போகும் முன் கடைசிப் பரிசோதனை என்னுடையது. அதற்கு ரஃபீக் எனக்குச் சொன்னது மூன்றே சொல்: பாருங்க, தொடுங்க, தட்டுங்க. கோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், கட்டைவிரலால் தேய்க்க வேண்டும், சின்னச் சுத்தியால் நட்டைத் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். “கண்ணு பாத்ததையே பாக்குங்க, அக்கா. வெரலு அப்பிடியில்லீங்க” என்பார்.

பூபதி என்று ஒருவர், பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவர், தன் கிட் காரை இப்படிப் பின்பக்கம் மாற்றக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவி கௌசல்யாவையும் கூட்டிக்கொண்டு வருவார். விஜயதசமியன்று காலை நல்ல நேரத்தில் வண்டியை எடுத்து, ஆனைமலைக் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே வால்பாறையில் இருக்கும் கௌசல்யாவின் அக்கா வீட்டுக்கு மலையேறுவதாகத் திட்டம்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் வரை வேலை இழுத்துக்கொண்டது. மேல்கைகளை எல்லாம் முந்தின நாளே முடித்திருந்தோம். கீழ்க்கைகள் மட்டும் பாக்கி, பக்கத்துக்கு இரண்டு நட்டு. தங்கவேல் மணல் மூட்டை வைத்து இடதுபக்கம் இரண்டையும் இறுக்கிக் கோடு போட்டான். வலதுபக்கம் போவதற்குள் பூஜைக்கு நேரமாகிவிட்டது. ரென்ச் முதல் அரம் வரை எல்லாக் கருவிகளையும் கழுவிச் சாமிக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு மறுநாள் காலை வரை யாரும் எடுக்கக்கூடாது. டார்க் ரென்ச்சும் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தங்கவேல் மறுநாள் ஊருக்குப் போகிறவன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. வலதுபக்கம் கோடு இல்லை. அது போதும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. நான் அப்போது பூசணிக்காய் வாங்கப் போயிருந்தேன்.

பூபதியும் கௌசல்யாவும் பூஜைக்கு வந்திருந்தார்கள். எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலையைக் கௌசல்யா ஆசையாக எடுத்துக்கொண்டாள். தட்டோடு வண்டியைச் சுற்றிவந்து, புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை நல்ல நேரம் முடியப்போகிறது என்று முதலாளி வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, நான் வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, சக்கர விளிம்புக்கும் நூலுக்கும் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன். மில்லிமீட்டர் பிசகவில்லை. பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் படுத்தேன். கீழ்க்கைகளில் இடதுபக்கம் இரண்டு சிவப்புக் கோடு. வலதுபக்கம் இரண்டு சிவப்புக் கோடு. பார்த்தேன். தொடவில்லை. தட்டவில்லை. வெளியே தேங்காய் உடைத்துவிட்டார்கள். எழுந்து பரிசோதனை அட்டையில் நான்கு டிக் போட்டு, கீழே மரகதம் என்று கையெழுத்தும் போட்டேன். ரஃபீக் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வழக்கமாகப் பத்து கிலோமீட்டராவது ஓட்டுகிறவர். வண்டி போயிற்று. கௌசல்யா கையாட்டினாள்.

பத்தரைக்கு டீ வந்தது. வேலைக்குப் போடும் நீல ஓவர்கோட்டைக் கழற்றி மாட்டும்போது அதன் வலதுகைப் பட்டையில் சிவப்பாக ஒரு தீற்றல். படுத்திருந்தபோது நட்டில் உரசியிருக்கும், பாலீஷ் ஈரமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நேற்றுப் போட்டது எப்படி ஈரமாக இருக்கும்? முகர்ந்து பார்த்தேன். நெயில் பாலீஷுக்கு ஒரு காரமான வாடை உண்டு. இதில் அது இல்லை. மஞ்சள் வாசம் அடித்தது. குங்குமம்.

டீ டம்ளரைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. தங்கவேலுக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தான்.

“தங்கவேலு, வலப்பக்கம் இறுக்குனியா?”

“இல்லீங்கக்கா, ரென்ச்ச பூசைக்கு எடுத்துப்போட்டாங்களே. கோடு போடலியே, நீங்க பாக்கலீங்களா?”

அவன் “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டே இருந்தான். போனை வைத்துவிட்டேன்.

ரஃபீக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“தொட்டீங்களாங்க, அக்கா?”

“இல்லீங்க.”

“சரிங்க” என்றார். டார்க் ரென்ச், நட்டு டப்பா, ஜாக்கி மூன்றையும் எடுத்துக்கொண்டு வேனைக் கிளப்பினார். நான் ஏறிக்கொண்டேன்.

பூபதி போனை எடுக்கவில்லை. கூரை இல்லாத வண்டி, முதுகுக்குப் பின்னால் இன்ஜின். அந்த இரைச்சலில் எந்த மணி கேட்கும்? அடித்துக்கொண்டே இருந்தேன். ஈச்சனாரி தாண்டினோம். நைலான் வளையம் வரை மட்டும் திருகிய நட்டு அதிர்வில் எத்தனை நேரம் நிற்கும் என்று எனக்குள் கணக்கு ஓடியது. நட்டு போனால் போல்ட் நகரும். போல்ட் நகர்ந்து விழுந்தால் கீழ்க்கை தொங்கும். வலது பின்சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பும். நேர்ச்சாலையில் என்றால் வண்டி சுழன்று வயலில் இறங்கும், ஒருவேளை பிழைக்கலாம். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் என்றால்? அதற்குமேல் நினைக்கக்கூடாது என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வழியெல்லாம் சாலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், நட்டு கிடக்கிறதா என்று. அறுபது கிலோமீட்டர் சாலையில் சுண்டுவிரல் பருமன் நட்டைத் தேடுகிறவள் பைத்தியக்காரிதான். கிணத்துக்கடவு தாண்டி ஓரிடத்தில் கும்பல் நின்றது. சிவப்பாக ஏதோ தெரிந்தது. ரஃபீக் வேகத்தைக் குறைத்தார். தர்பூசணி விற்கிற ஆட்டோ. ரஃபீக்கின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். இரண்டு உயிர் அந்த வண்டியில் போகிறது, என் கையெழுத்தோடு போகிறது.

பொள்ளாச்சியில் பஸ்களுக்கு நடுவே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டோம். ஆனைமலைக் கோயிலுக்குப் போனால் அங்கே வண்டி இல்லை. பூக்கடைக்காரர், “அந்தக் குட்டிக் காருங்களா? இப்பத்தானுங்க ஆழியாறு பக்கம் போச்சு” என்றார். ரஃபீக் வேனைத் திருப்பிய வேகத்தில் டப்பாவிலிருந்த நட்டெல்லாம் என் காலடியில் கொட்டியது.

ஆழியாறு சோதனைச் சாவடிக்கு முன்னால் ஒரு டீக்கடை. அதன் முன்னால் அந்த வண்டி நின்றது. நேராக நின்றது. பூபதி டம்ளரோடு நின்றார். கௌசல்யா இருக்கையிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ரஃபீக் யாரிடமும் எதுவும் கேட்காமல் வண்டியின் பின்னால் மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, வந்து பாருங்க” என்றார். நானும் படுத்தேன். வலது கீழ்க்கையில் முன்னால் இருந்த நட்டு பாதி கழன்றிருந்தது. பின்னால் இருந்த நட்டைக் காணவே காணோம். போல்ட் பெருவிரல் அளவுக்கு வெளியே வந்திருந்தது. இன்னும் அதே அளவு வந்தால் முடிந்தது. சாவடியைத் தாண்டினால் முதல் வளைவு. அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வளைவு.

“கொஞ்ச நேரமாவே பின்னாடி டொக்கு டொக்குன்னு சத்தமுங்க” என்றாள் கௌசல்யா. “நான் சொன்னனுங்க. இவருதான், புதுசா போட்டா அப்பிடித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிரும்னு சொல்லிப்போட்டாரு.”

பூபதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ரஃபீக் வண்டியைக் கடை முன்னால் இருந்த சிமெண்ட் தளத்துக்குத் தள்ளச் சொன்னார். கௌசல்யாவை இறங்கச் சொல்லிவிட்டு, மணல் மூட்டைக்குப் பதில் பூபதியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார், டீக்கடைக்காரரைப் பக்கத்தில். ஜாக்கி வைத்து எடை தாங்கி, போல்ட்டை அடித்து உள்ளே அனுப்பி, பழைய நட்டு எதையும் வைக்காமல் இரண்டும் புதிது போட்டார். ஜாக்கியை எடுத்து, வண்டியை நாலு தடவை அமுக்கி, ரென்ச் வைத்தார். டிக். டிக். இடதுபக்கத்தையும் சரிபார்த்தார். பிறகு எழுந்து, ரென்ச்சை என் கையில் கொடுத்து, “நீங்களும் ஒருக்கா பாருங்க, அக்கா” என்றார். அதில் ‘ங்க’ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பூபதி, “ஏனுங்க, என்னதான் ஆச்சு?” என்றார். ரஃபீக் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். கோட்டின் கதை, பூஜையில் மாட்டிக்கொண்ட ரென்ச், தொடாமல் போட்ட டிக் எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமத்தைப் பற்றிச் சொல்லும்போது கௌசல்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

“இந்தப் பக்கம் கோடு மாதிரி ரெண்டு பொட்டு வெச்சிருந்தீங்க, அந்தப் பக்கம் இல்லீங்க. மறந்து உட்டுப்போட்டீங்களாட்ட இருக்குதுன்னு நான்தானுங்க தண்ணீல கொழைச்சு அதே மாதிரி வெச்சேன்” என்றாள். “நான் வெச்ச குங்குமமாங்க இப்பிடிப் பண்ணுச்சு?”

“இல்ல கண்ணு. குங்குமத்து மேல ஒரு தப்பும் இல்ல. வெரல வெச்சுத் தேச்சிருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். தேய்க்காதது நான். தப்பு என்னுது.”

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

“அப்பொ முதல்ல நீங்க ஏறுங்கக்கா” என்றாள். “மேல ரெண்டு வளைவு போயிட்டு வாங்க. நீங்க வந்தீங்கன்னா நான் ஏறறேன்.”

“ஏ, என்ன பேசற? பெரியவங்க” என்று பூபதி அதட்டினார்.

“நீங்க பேசாம இருங்க. சத்தம் கேக்குதுன்னு சொன்னப்ப நீங்க கேட்டீங்களா?”

அவர் இன்ஜினைக் கிளப்பினார். நான் ஏறினேன். அதுவரை எத்தனையோ வண்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒன்றில்கூட ஏறி மலைக்குப் போனதில்லை. இருக்கை தரைக்கு ஒரு சாண் உயரம்தான். சாலை பக்கத்தில் ஓடுவது தெரிகிறது. முதல் வளைவு வந்தது. பூபதி மெதுவாகத்தான் திருப்பினார். வண்டியின் பாரம் முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போவதை முதுகில் உணர்ந்தேன். அந்தச் சக்கரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். போல்ட்டின் பருமன் தெரியும், நீளம் தெரியும், ரென்ச் டிக்கென்றதை என் காதாலேயே கேட்டேன். இவ்வளவும் தெரிந்தும் கீழே அணைத் தண்ணீர் தெரிந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வளைவிலும் திறக்கவில்லை. சத்தம் ஏதும் வரவில்லை. இருந்தும் வரப்போகிறது வரப்போகிறது என்றுதான் இருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கௌசல்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏறலாங்களாக்கா?”

அட்டையில் டிக் போடும்போது எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். இப்போது இருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கொடி, நெற்றியில் அதே குங்குமம். ஏறலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் இல்லை. வண்டி சரியாகத்தான் இருந்தது.

“ஏறலாம் கண்ணு” என்றேன்.

அவர்கள் போன பிறகு ரஃபீக், “போலாங்க, அக்கா” என்றார். நான் வரமாட்டேன் என்றேன். மேலே போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவதாகக் கௌசல்யா சொல்லியிருந்தாள். ரஃபீக்கும் உட்கார்ந்துவிட்டார். மலையில் வண்டி ஏறும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, மறுபடி கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் போனையே கையில் வைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ரஃபீக் தொழுதுவிட்டு வந்தார். நாளையிலிருந்து பச்சைப் பாலீஷ்தான் என்று சொன்னார். சரி என்றேன்.

போன் அடித்தது.

“வந்து சேந்துட்டோங்கக்கா. சத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் ஓடுது.”

“ரொம்பச் சந்தோசம் கண்ணு.”

யாருக்கும் கேட்காமல் பேசுவதற்காக அவள் தள்ளி வருவது போல எதிர்முனையில் காலடிச் சத்தம் கேட்டது.

“ஏனுங்கக்கா, நாளைக்கு அவரு வண்டீல வரட்டுங்க. நான் தனியா வந்துக்கறேன். இங்க யாரையாச்சும் கேட்டா ஏன்னு கேப்பாங்க. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குக் காலைல பஸ்ஸு எத்தன மணிக்குங்க?”

நான் ஏன் என்று கேட்கவில்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்து, நேரத்தைச் சொன்னேன்.